எடிஸ்டன் பாறைகளில் நான்கு கலங்கரை விளக்கங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிளிமத் என்றொரு துறைமுக நகரம் உண்டு. பழைய கலங்கரை விளக்கங்களைக் காண விரும்புவோர் அங்கிருந்து படகில் செல்வதுண்டு. நாமும் கற்பனையில் அப்படகில் ஏறிக்கொள்வோமா?

படகு நகர்ந்ததும் கரையைத் திரும்பிப் பாருங்கள். மேட்டின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கோபுரம் ஒன்று தெரிகிறதல்லவா? கலங்கரை விளக்கம்தான், ஆனால் நிற்பது புல்தரையில்! அது ஏன் அங்கே வந்தது என்பதற்கு விடை, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் இருக்கிறது.

அங்கே உள்ளவைதாம் எடிஸ்டன் பாறைகள். கடல் ஏறும் வேளையில் இவை பெரும்பாலும் நீரில் மறைந்துவிடும். மாலுமிகளுக்கு இதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்? இங்கே முதன்முதலில் விளக்கேற்றத் துணிந்தவர் ஹென்றி வின்ஸ்டன்லி. 1697இல் வேலை நடக்கும்போதே பிரெஞ்சுக்காரர்கள் அவரைச் சிறைபிடித்துச் சென்றனர். மன்னர் பதினான்காம் லூயி அவரை விடுவித்தார். 1698இல் விளக்கு எரிந்தது. தம் கோபுரத்தின்மேல் அவருக்கு அபார நம்பிக்கை. பெரும் புயலின்போது அதனுள் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். 1703 நவம்பரில் அந்த ஆசை நிறைவேறியது. விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை.

1709இல் ரட்யர்ட் என்பவர் எழுப்பிய இரண்டாவது கோபுரம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. அது அலைகளைத் தாங்கியது; 1755இல் தீக்கு இரையானது.

மூன்றாவதைக் கட்ட வந்த ஜான் ஸ்மீட்டன்தான் நம் கதாநாயகர். ஓக் மரத்தின் அடிப்பகுதியைப் போல் கீழே பரந்து மேலே ஒடுங்கும் வடிவத்தை அவர் தேர்ந்தெடுத்தார். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் கோபுரம் எளிதில் சாயாது. கற்களைப் புறாவின் வால்போல் வெட்டி, ஒன்றின் புடைப்பு மற்றொன்றின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்படி அடுக்கினார்.

ஆனால் கற்களை ஒட்டவைக்கும் சாந்து? அங்கேதான் சிக்கல். சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு இறுகுவது. அலைக்கு அடியில் காற்றுக்கு எங்கே போவது? கடினமான கல்லைச் சுட்டால் கடினமான சுண்ணாம்பு கிடைக்கும் என்பது அக்காலக் கொத்தனார்களின் நம்பிக்கை. ஸ்மீட்டன் அதை அப்படியே ஏற்கவில்லை. பல ஊர்ச் சுண்ணாம்புகளைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து நீரில் போட்டுப் பார்த்தார். நீரிலும் இறுகியவற்றின் மூலக்கற்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். அடியில் களிமண் வண்டல் தங்கியது! பலரும் அழுக்கென்று ஒதுக்கக்கூடிய களிமண்தான் நீரில் இறுகும் திறனைத் தந்தது. சுடும்போது களிமண்ணிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு கூடிக் கால்சியம் சிலிகேட்டுகள் உண்டாகின்றன. அவை நீருடன் வினைபுரிந்தே கெட்டிப்படுகின்றன என்பதை நாம் இன்று அறிவோம். பிற்காலத்துச் சிமெண்டுக்கு இதுவே முன்னோடி. நம் கொத்தனார்கள் சுண்ணாம்போடு சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்ததும் இதே வேதியியல்தான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் அக்கலவையால் கட்டப்பட்டதே.

வேல்ஸ் நாட்டு ஆபர்தாவின் சுண்ணாம்பையும் இத்தாலிய எரிமலை மண்ணையும் கலந்து ஸ்மீட்டன் கட்டிய கோபுரத்தில் 1759இல் ஒளி ஏற்றப்பட்டது. இத்தனை பாடுபட்டு ஏற்றிய ஒளி எவ்வளவு தெரியுமா? வெறும் 24 மெழுகுவத்திகள்!

நூறாண்டுகளுக்கு மேல் கோபுரம் அசையவில்லை. 1870களில் அலை மோதும்போதெல்லாம் அது அதிர்வதைக் கண்டனர். ஆராய்ந்தால், குறை கோபுரத்தில் இல்லை. அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்திருந்தது. ஆகவே பக்கத்துப் பாறையில் ஜேம்ஸ் டக்ளஸ் 1882இல் நான்காவதை எழுப்பினார். ஸ்மீட்டனின் வளைந்த அடிப்பகுதியில் ஒரு குறையையும் அவர் கண்டிருந்தார்: அலை அந்த வளைவைப் பற்றி மேலே ஏறிவிடும். எனவே தம் கோபுரத்துக்குச் செங்குத்தான உருளை வடிவ அடித்தளம் அமைத்து, அலையை அங்கேயே உடைத்தார். 1982 முதல் அங்குக் காவலர் எவரும் இல்லை. விளக்கு தானே இயங்குகிறது.

பழைய கோபுரத்தின் மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துப் பிளிமத் மேட்டில் மீண்டும் கட்டினார்கள். புறப்படும்போது நாம் பார்த்தது அதைத்தான். அடிப்பகுதியை மட்டும் பெயர்க்க முடியவில்லை. படகிலிருந்து பாருங்கள்: டக்ளஸின் உயர்ந்த கோபுரத்துக்கு அருகில், அலைகளுக்கு நடுவே, அந்த மொட்டைத் தூண் இன்னும் நிற்கிறது.