கயாக்கும் கட்டுமரமும்: அழகிய கரை ஒன்றின் வரலாறு குறித்து

1

கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு பாடத்திட்ட உறவுதான். எம்.ஏ. தமிழில் நெய்தலுக்கு முதல், கரு, உரி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். கடலில் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவன் முதன்முதலாகக் கடலில் இறங்கியது துருக்கியின் தென்கரையில், அதுவும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயாக் ஒன்றில் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இஸ்தான்புல்லில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், "வாடா, மூழ்கிப்போன ஊருக்கு மேல படகு விடலாம்" என்று இழுத்துப் போனான்.

உச்சாயிஸ் என்ற சிறிய மீனவக் கிராமம். எதிரே ஆளில்லாத கெகோவா தீவு. அதன் வடகரையில் பழைய லிசிய ஊர் ஒன்று பாதி நிலத்திலும் பாதி நீரிலுமாகக் கிடக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கமும், அதன் பிறகு நிலம் தாழ்ந்துகொண்டே வந்ததும் காரணம் என்கிறார்கள். நீருக்குள் இறங்கிப்போகும் படிக்கட்டு, சுவர்களின் அடிக்கல், உடைந்த சாடிகள். 1990இல் இந்தப் பகுதியை அரசு சிறப்புப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. இடிபாடுகளின் மேல் நீந்தக்கூடாது, நங்கூரம் பாய்ச்சக்கூடாது. கயாக்கில் மெல்ல நகர்ந்தபடி பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம் காற்றைப் பற்றியது: "இன்னைக்கு பியூஃபோர்ட் மூணு. நாலைத் தாண்டினா திரும்பிடுவோம்." இரண்டாவது வாக்கியம், விரிகுடாவில் நின்ற உல்லாசப் படகுகளைக் கைகாட்டி: "அந்தக் கட்டமரான்கள் பக்கம் போகாதீங்க, அலை கிளப்புவாங்க."

கட்டமரான்! நான் துடுப்பை நிறுத்திவிட்டேன். நான் உட்கார்ந்திருப்பது கிரீன்லாந்துக்காரனின் சொல்லில். எதிரே நிற்பது என் மொழிச் சொல். இரண்டும் வேலைப் படகுகளின் பெயர்கள். ஒன்று கடல்நாய் வேட்டையாடியவனுடையது, மற்றது மீன் பிடித்தவனுடையது. இரண்டு பேரையும் இந்த விரிகுடாவில் காணோம். பெயர்கள் மட்டும் விடுமுறைக்கு வந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

2

கயாக் என்பது இனுயிட் மக்களின் கயாக் (க-வைத் தொண்டைக்குள்ளிருந்து உச்சரிக்க வேண்டும்). துருக்கியில் படகுக்குக் கயிக் என்றொரு சொல் உண்டு. இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாடியவர்களும் உண்டு. உறவுக்கு ஆதாரமில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆனாலும் சுற்றுலாவுக்கு இந்த மயக்கம் வசதியாகிவிடுகிறது. வடதுருவத்துப் படகு இந்தக் கரைக்கே உரியது போன்ற தோற்றம் கிடைத்துவிடுகிறதல்லவா.

கிரீன்லாந்தின் பெரும்பகுதியில் மரம் வளர்வதில்லை. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகளில் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் பெண்கள் தைத்து மூட, ஓட்டுபவனின் உடம்பையே அளவுகோலாக வைத்துச் செய்தது அந்தப் படகு. ஒருவனுடைய கயாக் இன்னொருவனுக்குச் சரிவராது. சட்டைபோல அதை உடுத்துகிறான் எனலாம். கவிழ்ந்தால் துடுப்பை ஓட்டி நீருக்குள்ளிருந்தே நிமிர்ந்துகொள்ளும் வித்தை விளையாட்டல்ல. தெரியாதவன் வீடு திரும்பமாட்டான். தெரிந்தவர்களிலும் ஏராளமானோர் திரும்பவில்லை.

ஐரோப்பா இந்தப் படகை முதலில் எப்படிச் சந்தித்தது? ஆளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான். 1576இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் இனுயிட் ஒருவரைக் கயாக்கோடு கப்பலுக்குத் தூக்கி லண்டனுக்குக் கொண்டுபோனார். அவர் அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. பிரிஸ்டல் நகரத்து ஆற்றில் அந்த ஆண் கயாக் ஓட்டி வாத்து வேட்டையாடிக் காட்ட, நகரப் பிரமுகர்கள் கரையில் நின்று ரசித்தார்கள். சில வாரங்களில் மூவருமே இறந்துபோனார்கள். 1605இல் டென்மார்க் கப்பல்கள் கிரீன்லாந்துக்காரர்களைப் பிடித்து கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தன. அங்கே பதினாறு பேர் துடுப்பு வலித்த படகோடு கயாக்குகளைப் போட்டிக்கு விட்டார்கள். அவர்களில் சிலர் கயாக்கிலேயே ஊருக்குத் தப்பிப்போகப் பார்த்து, பிடிபட்டார்கள். கயாக் ஐரோப்பாவில் காட்சிப் பொருளான முதல் நாளே அது தப்பிக்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னால் நடந்தது வேறொரு வகைக் கைப்பற்றல். இந்த முறை ஆள் வேண்டாம், வடிவம் போதும். ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் மெக்ரிகர் 1865இல் 'ராப் ராய்' என்ற மரப்படகைச் செய்து ஐரோப்பிய ஆறுகளில் சுற்றினார். 1866இல் புத்தகம் எழுதினார். தனியாகத் துடுப்பு போடுவது கனவான்களின் பொழுதுபோக்காயிற்று. ரோசன்ஹைமில் தையல்காரராக இருந்த யோஹான் கிளெப்பர் 1907இல் மடித்துப் பையில் வைத்து ரயிலில் எடுத்துப்போகும் கயாக்கைத் தயாரிக்கத் தொடங்கினார். ஆஸ்திரியரான பவ்லாட்டா 1927இல் அந்த உருளும் வித்தையைப் புத்தகங்களைப் பார்த்தே பழகிவிட்டார். இன்றைக்கும் வித்தையின் ஒரு வகைக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. யாருடைய அறிவு, யாருடைய பெயர்!

விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். ஆஸ்கர் ஸ்பெக். வேலையிழந்த ஜெர்மன்காரர். 1932இல் சைப்ரஸின் தாமிரச் சுரங்கத்தில் வேலை தேடி மடிப்புக் கயாக்கில் டான்யூபில் கிளம்பினார். கிரேக்கத் தீவுகள், இதே துருக்கித் தென்கரை, சைப்ரஸ் என்று வந்தவர், சுரங்கத்தை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். யூப்ரடீஸ், பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா. 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டபோது போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டான் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். இந்தக் கரையைக் கயாக்கில் கடந்தவர்களில் 'அழகுக்காக' வராத ஒருவர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து கிரீன்லாந்தில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர்கள் 'கயாக் அச்சம்' என்றொரு நோயைக் குறித்திருக்கிறார்கள். அனுபவப்பட்ட வேட்டைக்காரன், காற்றே இல்லாத நாளில், கண்ணாடிபோல நிற்கும் கடலில், வெயில் கண்ணில் தெறிக்கக் கடல்நாய்க்காக அசையாமல் காத்திருக்கிறான். திடீரென்று தலை சுற்றுகிறது. படகுக்குள் தண்ணீர் ஏறுவதாகத் தோன்றுகிறது. கை கால் வரவில்லை. சிலர் அதன் பிறகு கடலுக்கே போகவில்லை. காப்பியும் புகையிலையும்தான் காரணமோ என்று மருத்துவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

கெகோவாவில் அன்று கடல் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி. "என்ன நிம்மதிடா!" என்றான் நண்பன். எந்த அசைவின்மையில் வேட்டைக்காரனின் உடம்பு உறைந்துபோனதோ அதே அசைவின்மையைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். கடல் ஒன்றே, நம்பிப் பிழைப்பவனுக்கும் வந்துபோகிறவனுக்கும் அது வேறு வேறு பிரதி.

3

வழிகாட்டி சொன்ன 'பியூஃபோர்ட் மூணு'வுக்கு வருகிறேன். காற்றின் வேகத்தை அளக்கும் அந்த வரிசையை வகுத்த ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட், பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டனாக 1811-12இல் அளந்தது வேறெதையுமல்ல, இதே கரையைத்தான். வந்த வேலை, போர்க்கப்பல்களுக்கு வரைபடம் தயாரிப்பது. முனைகளையும் துறைகளையும் அளந்ததோடு இடிபாடுகளையும் குறித்துக்கொண்டார். 1812இல் இக்கரையின் கிழக்குப் பகுதியில் உள்ளூர்க்காரர்களின் தாக்குதலில் படுகாயமுற்று ஊர் திரும்பினார். 1817இல் 'கரமானியா' வெளிவந்தது. அவரைத் தொடர்ந்து வந்த சார்லஸ் ஃபெலோஸ் 1840களில் சான்தோஸ் நகரின் சிற்பங்களைப் பெட்டி பெட்டியாக லண்டனுக்கு அனுப்பினார். அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அளப்பது, வருணிப்பது, எடுத்துச்செல்வது. காலனியப் பார்வையின் மூன்று படிகளும் ஒரே கரையில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டன.

இந்தப் பார்வைக்கு ஆட்கள் இடைஞ்சல். ஆட்களை அப்புறப்படுத்தும் வேலையைப் பிறகு தேசிய அரசுகள் செய்தன. 1923 ஜனவரி 30இல் லோசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. துருக்கியின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் அங்கே. கிரேக்கத்தின் முஸ்லிம்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இங்கே. தங்கள் மொழி எது, செத்தவர்களைப் புதைத்த மண் எது என்று யாரும் கேட்கவில்லை. மதம் என்ன என்று கேட்டார்கள், அவ்வளவுதான். மேற்கே ஃபெத்தியே அருகில் லிவிசி என்ற கிரேக்க ஊர் அன்று காலியானது. கயாகோய் என்று இன்று அதற்குப் பெயர். கூரையில்லாத கல்வீடுகள் மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன. பார்க்க டிக்கெட் உண்டு.

காஷ் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் காஸ்தெலோரிசோ என்ற கிரேக்கத் தீவு இக்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 9,000 பேர். தீவுக்காரர்களின் நிலமும் ஆடும் இக்கரையில் இருந்தன. எல்லைக்கோடு விழுந்தது, பிழைப்பு அறுந்தது, போரில் ஊர் எரிந்தது, பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். இப்போது சில நூறு பேர். 'கெடாத கரை' என்று விளம்பரங்களில் படிக்கும்போது, அது எப்படிக் கெடாமல் இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கெடுப்பதற்கு ஆள் விட்டுவைக்கவில்லை.

கோடு இன்னும் இருக்கிறது. 2015இல் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் இந்தக் கரையின் பல முனைகளிலிருந்து இரவில் ரப்பர் படகுகளில் ஏறினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2இல் போத்ரும் அருகே கரையொதுங்கிய குழந்தையின் படத்தை உலகமே பார்த்தது. மூச்சுத்திணறும் அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்த என் லைஃப் ஜாக்கெட் தரச்சான்று பெற்றது. இஸ்மிரில் அவர்களுக்கு விற்கப்பட்டவற்றில் நீரை உறிஞ்சும் போலிகளும் இருந்தன.

4

"எல்லாத்துலயும் அரசியலைத் தோண்டாதே, கடலைப் பாரு" என்றான் நண்பன். நியாயம்தான். ஆனால் கடலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

கெகோவாவுக்கு மேற்கே, காஷுக்குப் பக்கத்தில், உலுபுருன் முனை. 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய மெஹ்மத் சாக்கிர், அடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாக வந்து சொன்னார். அவை தாமிரப் பாளங்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய கப்பல் அது. சைப்ரஸ் தாமிரம் பத்து டன், வெள்ளீயம் ஒரு டன். 1984இலிருந்து 1994வரை ஆய்வாளர்கள் இருபத்திரண்டாயிரம் தடவைக்கு மேல் மூழ்கி எடுத்த பொருட்கள் போத்ரும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு முன் 1960இல் கெலிடோன்யா முனையில் தோண்டிய கப்பலையும் காட்டிக்கொடுத்தது ஒரு பஞ்சுமூழ்கிதான். கடலடித் தொல்லியல் என்ற அறிவுத்துறை இந்தக் கரையில் பிறந்தபோது அதற்கு மருத்துவம் பார்த்தவர்கள் இவர்கள். கனத்த உடையும் காற்றுக் குழாயும் 1860களில் வந்தபின் ஆழம் போய் அவசரமாக ஏறி, கை கால் விழுந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு பாறையும் அவர்களுக்குத் தெரியும். பாறைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

எங்கள் வழிகாட்டியின் தாத்தாவும் பஞ்சு எடுத்தவராம். "1986ல பஞ்சுக்கு நோய் வந்துச்சு. அப்புறம் தொழிலே இல்லை" என்றார். கிழக்கு மத்தியதரைக் கடலின் பஞ்சுகளை அழித்த நோய் அது. அப்பா படகில் வெள்ளைக்காரர்களை ஏற்றினார். இவர் கயாக். குளிர்காலத்தில் தெம்ரே பக்கம் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி பறிக்கப் போய்விடுவாராம். தாத்தா கடலுக்கு அடியில், பேரன் கடலுக்கு மேலே. கடலைப் பற்றிய அறிவு அதேதான். முன்பு அது தொழில், இப்போது சேவை. இங்கே காற்று திரும்பும், அங்கே நீரோட்டம் இழுக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

5

கட்டுமரத்துக்கு வருகிறேன். சோழமண்டலக் கரையில் மீனவர்கள் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து ஓட்டியதை ஆங்கிலேயரான வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சேற்றினார். சொல் ஆங்கிலத்துக்குப் போனது. பின்னால் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படியொரு படகில் பந்தயத்தில் ஜெயித்தார். இரட்டை உடல் அமைப்போ பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் ஒருவருடையது, வடிவம் இன்னொருவருடையது, படகு மூன்றாமவருடையது. 'நம்ம சொல் உலகம் முழுக்கப் போயிருக்கு பாரு' என்று மார்தட்டுகிற தமிழ்ப் பெருமிதம் எனக்குள்ளும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. மறுகணம் வெட்கமாகிவிட்டது. போனது சொல் மட்டும்தானே. சொல்லுக்குரியவனை நாமே எங்கே வைத்திருக்கிறோம்?

திணை இலக்கணத்தில் வெறும் நிலம் என்று ஒன்று நிற்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தொழிலும் உணவும் பறையும் தெய்வமும் மக்களும் கருப்பொருள். அவற்றின் வழியாகத்தான் உரிப்பொருளுக்குப் போக முடியும். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த இலக்கணத்துக்குள்ளும் அதிகாரம் உண்டு, யார் தலைவன் யார் வினைவலர் என்ற பாகுபாடு உண்டு. ஆனால் 'இயற்கைக்காட்சி' என்று சுற்றுலா விற்பது என்னவென்று புரிந்துகொள்ள அந்த அட்டவணை எனக்கு உதவியது. கருப்பொருளைக் கழித்துவிட்டு முதற்பொருளை மட்டும் விற்கிறார்கள். தண்ணீர், பாறை, வெயில்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இதைப் பரீட்சைக்கு எழுதியபோது கடலுக்கு ஏன் இரங்கல் என்று நான் கேட்டதில்லை. கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரையில் நிற்பவளின் நிலை அது. கிரீன்லாந்திலும் காஸ்தெலோரிசோவிலும் நின்றிருப்பார்கள்.

திரும்பும் வழியில், கலேகோய்க்கு அருகே, நீருக்குள் தனியாக நிற்கும் லிசியக் கல் சவப்பெட்டி ஒன்றைக் கடந்தோம். எல்லாரும் படம் எடுக்கும் இடம் அது. வழிகாட்டி எடுக்கவில்லை. காற்றைப் பார்த்தார். "நாலாகுது, போகலாம்" என்றார். அவருக்குப் பின்னால் துடுப்பு போட்டேன்.