சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: எம்.ஆர்.ஐ. ஆழ மதிப்பீடு

சிறுநீர்ப்பைச் சுவரில் புற்றுக்கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது என்பதை அறுவையின்றிக் காந்தப் புலத்தாலும் வானொலி அலைகளாலும் படம்பிடித்துக் கணிக்கும் முறை. கதிரியக்கம் பயன்படுவதில்லை.

வகைப்பாடு: 2018இல் வெளியான வை-ராட்ஸ் முறை 1 முதல் 5 வரை புள்ளியிடுகிறது. 1, 2 எனில் தசை ஊடுருவலுக்கு வாய்ப்புக் குறைவு, 3 ஐயநிலை, 4 எனில் ஊடுருவல் இருக்கக்கூடும், 5 எனில் தசையையும் பை எல்லையையும் கடந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

செய்முறை: பை போதிய அளவு நிரம்பிய நிலையில் டீ2 படம், நீர் மூலக்கூறு பரவல் படம், கடோலினியம் என்னும் மாறுபாட்டு மருந்து ஏற்றிய தொடர்படம் ஆகியவை எடுக்கப்படும். சிறுநீர்வழிக் கட்டி அகற்றலுக்கு முன் எடுப்பதே சிறந்தது. அறுவைக்குப் பிந்தைய அழற்சி ஊடுருவல்போலத் தோற்றமளிக்கலாம்.

முக்கியத்துவம்: தசையை எட்டாத கட்டி சிறுநீர்வழியே அகற்றப்பட்டு, தேவைக்கேற்பப் பைக்குள் மருந்து செலுத்தப்படும், எட்டியதற்குப் பை அகற்றலோ கதிர், மருந்துக் கூட்டுச் சிகிச்சையோ தேவைப்படும். சளிப்படலத்தோடு நிற்கும் கட்டியையும் அதன் அடியிழையத்தில் நுழைந்ததையும் எம்.ஆர்.ஐ. தெளிவாகப் பிரித்தறியாது, திசு ஆய்வே இறுதி முடிவைத் தரும்.