பரம்பரைப் பிறவிக் கண்புரை: மரபணுவைத் தேடிய வரலாறு

கண்ணின் வில்லை பிறக்கும்போதே, அல்லது பிறந்த சில மாதங்களில், ஒளி புகாதபடி மங்கியிருப்பது பிறவிக் கண்புரை எனப்படும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா போன்ற தொற்றுகளாலும் இது ஏற்படலாம். ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் தொடர்ந்தால் மரபணுக் கோளாறே காரணமாக இருக்கக்கூடும்.

குடும்ப மர வரைபடங்கள்

இங்கிலாந்தின் கண் மருத்துவர் எட்வர்ட் நெட்டில்ஷிப், 1902-இல் பணி ஓய்வு பெற்றபின், பரம்பரைக் கண்நோய் உள்ள குடும்பங்களின் வரைபடங்களைத் திரட்டினார். 1906-இல் அவரும் ஓகில்வி என்பவரும் ஆக்ஸ்போர்டுக்கு அருகில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கண்புரையை விவரித்தனர். நோய் தொடர்வது தெரிந்தது. அதன் காரணம் உடலில் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை.

இரத்த வகை தந்த துப்பு

1963-இல் ரென்விக், லாலர் ஆகிய ஆய்வாளர்கள் வேறொரு குடும்பத்தில், தூள் தூவியது போன்ற கண்புரையும் டஃபி என்னும் இரத்த வகையும் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குச் செல்வதைக் கண்டனர். அப்படியானால் இரண்டின் மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்க வேண்டும். எந்தக் குரோமோசோம் என்பதற்கு விடை 1968-இல் கிடைத்தது. அமெரிக்க மாணவர் ரோஜர் டோனஹியூ, தம் முதலாம் குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாக நீண்டிருப்பதைக் கண்டு உறவினர்களையும் சோதித்தார். டஃபி வகை அதனோடு சேர்ந்தே சென்றது. எனவே கண்புரை மரபணுவும் முதலாம் குரோமோசோமில் உள்ளது என்பது உறுதியாயிற்று. பாலினக் குரோமோசோம் அல்லாத ஒன்றோடு முதன்முதலில் இணைக்கப்பட்ட பரம்பரை நோய் இதுவே.

ஓர் எழுத்துப் பிழை

1998-இல் ஆலன் ஷீல்ஸ் குழுவினர் அதே குடும்பத்தின் மரபணுவை ஆராய்ந்து பிழையைக் கண்டறிந்தனர். கனெக்சின் 50 என்னும் புரதத்தின் 88-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் செரின் வந்திருந்தது. வில்லையில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் செல்கள் கனெக்சின் வாயில்கள் வழியாகவே உப்புகளையும் சிறு மூலக்கூறுகளையும் பகிர்ந்துகொள்கின்றன. வாயில் பழுதானால் வில்லை மங்குகிறது. தோற்றத்தில் இதையொத்த கண்புரை சில குடும்பங்களில் 13-ஆம் குரோமோசோமில் உள்ள கனெக்சின் 46 மரபணுவாலும், வேறு பல வகைகள் கிரிஸ்டலின் புரதங்களின் மரபணுக்களாலும் வருவது பின்னர் தெரியவந்தது.

குடும்பங்களுக்குப் பயன்

மேற்கண்ட குடும்பங்களில் காணப்படுவது ஓங்கு வகை. பெற்றோரில் ஒருவரிடம் பிழையான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. முதல் பிள்ளைக்கு வந்ததால் அடுத்த பிள்ளைக்கு வராது என்று எண்ணக்கூடாது. ஒடுங்கு வகையில் பெற்றோர் இருவருக்கும் பார்வை தெளிவாகவே இருக்கும். நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்கு அதன் வாய்ப்பு கூடுதல். இரு வகையிலும் இது எவருடைய குற்றமும் அன்று.

குடும்பத்தில் இந்நோய் இருந்தால், பிறந்த குழந்தையின் கண்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடர்த்தியான கண்புரையை முதல் சில வாரங்களிலேயே அகற்ற வேண்டியிருக்கும். தாமதித்தால், பின்னர் வில்லையை அகற்றினாலும் மூளை தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் போகக்கூடும்.