ஆறடியா, மூணடியா, ஜன்னலா?

2021 ஜனவரி. தமிழ்நாட்டுல பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்கன்னு அறிவிப்பு வந்த நேரம். ஊர்ல டீச்சரா இருக்கற அத்தை போன் பண்ணாங்க. "கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, எங்க கிளாஸ்ல யாரை எங்க உட்கார வைக்கறதுன்னு ஒரு படம் போட்டுக் குடுடா." பொட்டி தட்டறவன்கிட்ட எதைத்தான் கேக்கல? ஆணி புடுங்கறதை நிறுத்திட்டு எக்செல்லைத் திறந்தேன்.

சுவரோரம், கரும்பலகை முன்னாடி எல்லாம் விட்டது போக மிஞ்சின இடம் 18 அடிக்கு 15 அடி. ஆளுக்கு ஆள் 6 அடின்னா நாலுக்கு மூணு, மொத்தம் 12 பேர். 3 அடின்னு மாத்தினா ஏழுக்கு ஆறு, 42 பேர்! ஒரே ஒரு நம்பரை மாத்தினா முப்பது பசங்க கிளாஸ்ல இருக்காங்களா, வீட்டுல இருக்காங்களாங்கறதே மாறிடுது. அப்ப அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு? தேடப் போய் மாட்டின கதைதான் இது.

ஆரம்பம் ஜெர்மனி. 1890கள்ல கார்ல் ஃப்ளூகேங்கற விஞ்ஞானி, பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கற எச்சில் துளியில கிருமி இருக்குன்னு காட்டினார். துளி கொஞ்ச தூரத்துல கீழ விழுந்துடும், அதனால தள்ளி இருந்தா போதும்னு பின்னால வந்தவங்க எடுத்துக்கிட்டாங்க.

அடுத்தது அமெரிக்காவுல ராட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரம். ஒரே ஊர்ல ரெண்டு கட்சி.

1908 ஜனவரியில மேரி பேக்கர்ட், எல்லன் ஸ்டோன்னு ரெண்டு பெண் டாக்டருங்க, காசநோய் அபாயத்துல இருந்த பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க. அப்ப அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. சும்மா கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்துல பெரிய பெரிய ஜன்னலா வச்சு, கொட்டற பனியிலயும் திறந்தே வச்சிருந்தாங்க. பிள்ளைங்க கம்பளிப் பைக்குள்ள உட்கார்ந்து, காலடியில சூடு பண்ணின மாக்கல்லை வச்சுக்கிட்டுப் பாடம் படிச்சாங்க. (நாம ஏசி 22ல இருந்தாலே ஸ்வெட்டர் தேடற கோஷ்டி.) பெர்லின் பக்கத்துல சார்லோட்டன்பர்க்ல 1904ல தொடங்கின காட்டுப் பள்ளிதான் இதுக்கு முன்னோடி.

அதே ஊர்ல சுகாதார அதிகாரியா இருந்தவர் சார்ல்ஸ் சேப்பின். 1910ல ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். பெரும்பாலான நோய் தொட்டும், பக்கத்துல இருந்தும்தான் பரவுது; காத்தைப் பெருசா நினைக்காதீங்கன்னார். கெட்ட காத்துதான் எல்லா நோய்க்கும் காரணம்னு ஜனங்க நம்பிக்கிட்டு கை கழுவாம இருந்த காலம், அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. ஆனா அடுத்த பல வருஷத்துக்கு அதுதான் பாடப்புத்தகம் ஆயிடுச்சு.

வில்லியம் வெல்ஸ்னு ஒருத்தர் 1934ல மறுத்துப் பேசினார். சின்னத் துளி விழறதுக்கு முன்னாடியே காய்ஞ்சு காத்துல மிதக்கும்னார். பெருசா யாரும் கண்டுக்கல. 1974ல நியூயார்க் மாநிலத்துல ஒரு ஆரம்பப் பள்ளியில தட்டம்மை வந்துச்சு. ரெண்டாம் வகுப்பு சிறுமி ஒருத்தியிடமிருந்து 28 பேருக்குப் பரவுச்சு. அதுவும் 14 வெவ்வேற கிளாஸ்ரூம்ல! ஒரே காத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தவிட்ட காற்றோட்டக் குழாய்தான் கொண்டு போச்சு. வெல்ஸ் கூட வேலை பார்த்த ரிச்சர்ட் ரைலி இதை ஆராய்ஞ்சு 1978ல ஒரு சமன்பாட்டோட வெளியிட்டார். அதுல எத்தனை நேரம் இருந்தீங்க, எவ்வளவு புதுக்காத்து வருதுன்னு எல்லாம் இருக்கு. தூரம் மட்டும் இல்ல. அறை முழுக்கக் காத்து கலந்துடும்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு அது.

அப்ப தூரம் சும்மாவா? அதுவும் இல்ல. ஹூஸ்டன்ல ஒரு கிளாஸ்ல மூளைக்காய்ச்சல் பரவினதை ஆராய்ஞ்ச 1982 ஆய்வு, நாற்காலிக்கு நடுவுல சுமார் 40 அங்குலத்துக்குக் குறைவா இருந்தவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்னு சொல்லுச்சு. மூணடிக் கணக்குக்கு முக்கியமான ஆதாரம் இதுதான். ஆனா அது வேற கிருமி.

கொரோனா வந்தப்ப உலக சுகாதார நிறுவனம் 1 மீட்டர்னுச்சு. அமெரிக்க சிடிசி 6 அடின்னுச்சு. நம்ம ஊர்ல ரெண்டு கஜம், அதுவும் 6 அடிதான். 2021 மார்ச்ல சிடிசி, மாஸ்க் போட்டா கிளாஸ்ரூம்ல 3 அடி போதும்னு இறங்கி வந்துச்சு. அந்த வருஷம் ஏப்ரல், மே வாக்குல ரெண்டு அமைப்புமே காத்துல பரவறதைத் தெளிவா ஒத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் நான் பின்னாடி படிச்சது. அன்னைக்கு அத்தைக்கு அனுப்பின படத்துல கட்டம் இருந்துச்சு, அம்புக்குறி இருந்துச்சு, பச்சை சிவப்புக் கலர்கூட இருந்துச்சு. அத்தை பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஜன்னலே போடலியேடா? பாதி துருப்பிடிச்சு திறக்க வரல, அதுக்கு என்ன பண்றது?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அத்தை சம்பந்தம்"னு சொல்லிட்டேன். பெஞ்சைத் தள்ளிப் போடற செலவுல ரெண்டு கொக்கிக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் போன் பண்ணி ஒத்துக்கிட்டேன். சிரிச்சாங்க. பாதி ஜன்னல் இன்னும் திறக்கலையாம்.