அப்பாவின் பற்கள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பரங்கிப்பேட்டையிலிருந்து போன் செய்தான். "டீச்சர், சுகர் 280-க்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. டாக்டர் என்னடான்னா, முதல்ல பல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈறைக் காட்டிட்டு வான்னு அனுப்புறார். பல்லுக்கும் சுகருக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? காசு பிடுங்கவா?" மூன்றாம் வகுப்பிலேயே கேள்வி கேட்டு என்னைத் திணறடித்தவன். ஐம்பது வயதாகியும் மாறவில்லை. போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அப்பா ஞாபகம்தான் முதலில் வருகிறது.

அப்பாவை நான் பல்லோடு பார்த்ததே இல்லை. கடலூர் முதுநகரில் (நமக்கு என்றும் ஓ.டி.தான்) ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். விரல் மூட்டுகள் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போயிற்று. 1956-ல் ஒரு டாக்டர், "விஷம் பல்லில்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மூட்டு சரியாகும்" என்றாராம். நான்கைந்து தடவையாக அத்தனை பல்லும் எடுத்தார்கள். அப்போது அப்பாவுக்கு 38 வயது. சொத்தையே இல்லாத பல்லும் போனது என்று அத்தை கடைசிவரை சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார். 1984-ல் இறக்கும்வரை அப்பாவுக்குக் குழைந்த சோறும் ரசமும்தான். மூட்டு வலி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த டாக்டர் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு சொற்பொழிவு செய்தார். சீழ் பிடித்த பல்லின் மேலேயே தங்க உறை போட்டு மூடுகிறீர்களே, அந்தக் கிருமி உடம்பெல்லாம் நோயைப் பரப்புகிறது என்று பல் மருத்துவர்களைச் சாடினார். சிகாகோவின் பிராங்க் பில்லிங்ஸ் போன்ற பெரிய டாக்டர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். மூட்டு வலி, சிறுநீரக நோய், காரணம் தெரியாத காய்ச்சல் என்று எதற்கும் பல்லைப் பிடுங்குவது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் ட்ரென்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். பைத்தியத்துக்கும் பல்தான் காரணம் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். குணமாகாதவர்களுக்கு டான்சில், பெருங்குடல் என்று வெட்டிக்கொண்டே போனார். அதில் பலர் இறந்தார்கள். தன் சொந்த மகன்களின் பற்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. மனுஷன் நம்பித்தான் செய்திருக்கிறார், அதுதான் பயங்கரம்.

1938-ல் ரஸ்ஸல் செசில் என்ற அமெரிக்க மருத்துவர், தானே முன்பு இந்தக் கொள்கையை ஆதரித்தவர், 200 மூட்டுவாத நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பல் பிடுங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அதைத் தைரியமாக எழுதினார். ஆனால் அந்தச் செய்தி கடல் தாண்டி எங்கள் ஓ.டி. வந்து சேர 18 வருஷம் போதவில்லை.

அதன் பிறகு நேர்மாறாகி, பல் வேறு, உடம்பு வேறு என்று வெகுகாலம் ஓடியது. நம் சிதம்பரத்திலேயே பாருங்கள்: அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-லேயே வந்துவிட்டது, மருத்துவக் கல்லூரி 1985-ல்தான் வந்தது. ஆனாலும் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால், "ஏன், வீங்கிப்போச்சா?" என்றுதான் கேட்போம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயந்து, சீழோடு வருஷக்கணக்கில் இருந்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு (யார் என்று எழுதினால் சண்டைக்கு வருவார்கள்). பல் எடுப்பதால் பார்வை போகாது. சீழை அப்படியே விட்டால்தான் ஆபத்து.

பழைய கொள்கையில் ஒரு துளி உண்மை இருந்தது என்பது பிறகு மெதுவாகத் தெரிந்தது. 1989-ல் பின்லாந்தில், மாரடைப்பு வந்த 100 பேரின் வாயை மற்றவர்களோடு ஒப்பிட்டதில் இவர்கள் வாய்தான் மோசமாக இருந்தது. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று நிரூபணமாகவில்லை. அமெரிக்க இதய சங்கமே 2012-ல் அப்படித்தான் சொன்னது. அதனால் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிவிடாதீர்கள்.

சுகர் விஷயம் அப்படி இல்லை. 1993-ல் ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், கண், சிறுநீரகம், நரம்பு வரிசையில் ஈறு நோயையும் சர்க்கரையின் ஆறாவது பாதிப்பாகச் சேர்த்தார். சுகர் கூடினால் ஈறு எளிதில் சீழ் பிடிக்கும். அந்த ஈறின் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்யவிடாது, சுகர் இன்னும் ஏறும். ஈறைச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் மூன்று நான்கு மாதத்தில் சராசரி சுகர் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். அதாவது 8.4 இருந்தால் 8 ஆகலாம். சின்ன எண்தான். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆகவே தம்பி, உன் டாக்டர் காசு பிடுங்கவில்லை. பல்லையும் பிடுங்கச் சொல்லவில்லை. அப்பா காலத்தில் எடுத்தார்கள், இப்போது காப்பாற்றப் பார்க்கிறார்கள். நேற்று அவன் சிதம்பரம் போய் வந்துவிட்டான். பல் துலக்கும்போது ரத்தம் வருவது இரண்டு வருஷமாக இருக்கிறதாம், அதைச் சுகர் டாக்டரிடம் ஒருநாளும் சொன்னதில்லையாம். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.