மங்கிய வெளிச்சத்தில் படம் எடுப்பது: பிளாஷா, இருக்கிற வெளிச்சமா?

சில வருடங்களுக்கு முன் நண்பர் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். ஓர் உயர்நிலைப்பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கையில் கொஞ்சம் பெரிய கேமரா இருந்த ஒரே காரணத்தால் படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எட்டாவது வரிசையில் உட்கார்ந்து, கேமராவோடு ஒட்டியிருக்கும் பிளாஷைப் போட்டுச் சுட்டுத் தள்ளினேன். இடைவேளையில் நடன ஆசிரியை, "பெண்ணுக்குக் கண் கூசுகிறது, பிளாஷ் வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார். மனசில்லாமல் அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், முன்வரிசை மாமாக்களின் வழுக்கைத் தலைகள் பளபளவென்று விழுந்திருந்தன. அவற்றுக்கு அப்பால், இருட்டில், ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். எட்டு வருடம் கற்றுக்கொண்டு ஒரே ஒரு மாலையில் ஆடியது. இன்னொரு முறை ஆடு என்று கேட்க முடியுமா?

என்ன தவறு செய்தேன் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு பிளாஷுக்கும் 'கைடு நம்பர்' என்று ஓர் எண் உண்டு. அதை லென்ஸின் எப் எண்ணால் வகுத்தால், பிளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். கேமராவோடு வரும் சிறு பிளாஷுக்கு ஐஎஸ்ஓ 100இல் இது சுமார் 12 மீட்டர். எப்/4 என்றால் 12ஐ 4ஆல் வகுக்க, 3 மீட்டர். நடனப் பெண் என்னிடமிருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தாள். அவளுக்குப் போய்ச் சேர்ந்தது வேண்டிய வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு. வழுக்கைத் தலைகள் சரியாக 3 மீட்டரில் இருந்தன!

ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் பிளாஷ் 12 மீட்டர் வரை எட்டும். ஆனால் முன்வரிசையும் பதினாறு மடங்கு வெளுத்துப் போகும். இன்னொரு சிக்கல், பிளாஷைத் திறந்ததும் தானியங்கி முறையில் பெரும்பாலான கேமராக்கள் அதை நம்பி ஐஎஸ்ஓவைக் குறைவாகவே வைத்துக்கொள்கின்றன. மேடை விளக்குகள் கொடுக்கும் நல்ல வெளிச்சமும் இதனால் படத்தில் ஏறாமல் போகிறது. செல்பேசியின் சிறு விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது எட்டுவது இரண்டு மூன்று மீட்டர்தான்.

எனவே மேடைக்கு இருக்கிற வெளிச்சமே சரி. எப்/2.8 லென்ஸ், 1/250 வினாடி, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை என்று தொடங்கலாம். இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 6400இல் வரும் புள்ளிகள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. புள்ளி விழுந்த படத்தை மன்னித்துவிடலாம், கலங்கிய முகத்தைச் சரிசெய்ய முடியாது. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் கேமரா ஏமாந்துபோய் முகத்தை வெளுக்க வைக்கும். ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். அடவுக் கோர்வை முடியும் இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் நிலைத்து நிற்பார். தாளம் தெரிந்தவருக்கு அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும், அப்போது 1/125 போதும். எல்ஈடி விளக்குகளின் கீழே ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டால் சில அரங்குகளில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஒத்திகையின்போதே சோதித்துவிடுவது நல்லது.

இதைப் படித்துவிட்டுப் பிளாஷைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகைப்பட வரலாற்றில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. 1880களின் கடைசியில் ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கின் இருண்ட குடியிருப்புகளை மக்னீசியத் தூளைக் கொளுத்திப் படம் பிடித்தார். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் அந்த ஏழைகளின் அறைகள் ஊருக்குத் தெரிந்திருக்காது. 1920களின் பிற்பகுதியில் எரிக் சாலமன், பெரிய லென்ஸ் பொருத்திய எர்மனாக்ஸ் கேமராவோடு நீதிமன்றங்களுக்கும் அரசியல் மாநாடுகளுக்கும் போய், பிளாஷே இல்லாமல் எடுத்தார். தூளைக் கொளுத்தியிருந்தால் அவரை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். இருவரும் இடம் கேட்டதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் நடக்கும் வளைகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே ஒற்றை விளக்கு. எல்லோருக்கும் கண்குழியில் நிழல். இங்கே ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றினாலும் நிழல் நிழல்தான், வெளிச்சம் வரும் திசையை ஐஎஸ்ஓ மாற்றாது. தனி பிளாஷ் ஒன்றைப் பொருத்தி, அதன் தலையை வெள்ளைக் கூரையைப் பார்த்துச் சற்றுப் பின்னால் சாய்த்துத் திருப்புங்கள். கூரை முழுதும் ஒரு பெரிய விளக்காகி, முகங்களில் மென்மையான ஒளி விழும். ஷட்டரை 1/30 வினாடி அளவுக்கு மெதுவாக்கினால் குத்துவிளக்கின் சுடரும் படத்தில் தங்கும். பின்னணி அளவுக்கு மீறி மஞ்சளாகத் தெரிந்தால் பிளாஷுக்கு முன்னால் ஓர் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். கூரைக்கு வண்ணம் அடித்திருந்தால் அந்த நிறம் முகத்திலும் ஏறும். கோயில் மண்டபம் போல உயரமான கூரையென்றால் இந்த வித்தை பலிக்காது.

ஆக, பிளாஷைத் தொடும் முன் இரண்டு கேள்விகள். அது அவ்வளவு தூரம் எட்டுமா? எட்டினாலும், அங்கே நடப்பதைக் கெடுக்காமல் இருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் மட்டும் போடுங்கள்.

அந்த அரங்கேற்றத்தில் பிளாஷை அணைத்த பிறகு எடுத்த படங்களில் ஆறு தேறின. தில்லானாவில் எடுத்த ஒன்று, நிறையப் புள்ளிகளோடு, நண்பர் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. படத்தில் இடது கை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. இதுவரை யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மற்றவற்றை நான் யாருக்கும் காட்டவில்லை.