பரிசலின் மேற்போர்வை: தோலிலிருந்து தாருக்கு

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்க உதவும் பரிசல், மூங்கில் பட்டைகளை வட்டமாக முடைந்து, நீர் புகாதபடி அடிப்புறத்தைப் போர்த்திச் செய்யப்படும் ஓடமாகும். மூங்கில் கூடு பெரிதும் மாறாதிருக்க, போர்வைதான் காலந்தோறும் மாறியது. 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியரான தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய கூடை ஓடங்களில் ஆட்களோடு குதிரைகளும் எருதுகளும் ஏற்றப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹோர்னெல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

தோலின் குறை அழுகல். கரையேறியதும் கவிழ்த்து உலர்த்தாவிட்டால் அது நெடுநாள் உழைக்காது. அதன் இடத்தைப் பிடித்த நெகிழித் தாளும் தாரும் அழுகலைத் தீர்த்தன, ஆனால் வேறு இடர்களைக் கொணர்ந்தன. பெட்ரோலியத்தை வடித்தபின் எஞ்சும் கரும்பிசினாகிய தார், பூசும் பதத்துக்கு இளக நீரின் கொதிநிலையைவிட மிகுந்த சூடு தேவைப்படுவதால், அதில் சிறிது நீர் விழுந்தாலும் நீர் நொடியில் ஆவியாகித் தாரை நுரைத்துப் பொங்கித் தெறிக்கச் செய்யும். ஆகவே ஆற்றங்கரையிலேயே தார் தீப்பிடித்தாலும் ஆற்று நீரை ஊற்றி அணைக்க முயல்வது பெருந்தவறு. சூடான தாரின் புகையில் பலவளைய ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன; அவற்றுள் சில புற்றுநோய் விளைவிப்பவை. சாலை போடுவோர் சுவாசிக்கும் தார்ப்புகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்துள்ளது.

அடுப்பும் எந்திரமும் இல்லாத பரிசல் ஆற்றில் எரிவது அரிது. தாரின் இடர் பயணிக்கன்று, கரையில் அதைச் செய்பவருக்கும் செப்பனிடுபவருக்குமே. பெருங்கப்பலில் நிலைமை நேர்மாறானது. 1990 ஏப்ரல் 7 அன்று ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரெடரிக்ஸ்ஹாவனுக்குச் சென்ற ஸ்காண்டினேவியன் ஸ்டார் என்னும் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தனர். சுவர்களை மூடியிருந்த மெலமைன் பலகைகள் எரிந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடுமே அவர்களுள் பலரைக் கொன்றன. கப்பலின் உட்பூச்சுகளும் தளவிரிப்புகளும் எரிகையில் வெளியிடும் புகையையும் நச்சு வாயுக்களையும் சோதிக்கும் தீச்சோதனை விதித்தொகுப்பு 1998 ஜூலை 1 முதல் கட்டாயமானது. அவ்விதிகளுக்கு அடிப்படையான கடற்பாதுகாப்பு உடன்படிக்கையோ, பன்னாட்டுக் கடற்பயணக் கப்பல்களுக்கு மட்டுமே உரியது. பழைய முறையில் கட்டப்பட்ட மரக்கலங்களைக்கூட அது வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது; ஆற்றுப் பரிசலுக்கு அது பொருந்தாது.